சுவிட்ச்போர்டிலிருந்து ஓடி வந்தவள்

சென்ற மாதம் விளையாட்டு ஆசிரியர் பயிற்சிக்கு வந்திருந்த உங்களில் ஒருத்தி, தேநீர் இடைவேளையில் என்னைத் தனியே கூட்டிக்கொண்டுபோய் மெதுவாகக் கேட்டாள்.

“ரீச்சர், போட்டி தொடங்கிறதுக்கு முதல் எனக்குக் கை நடுங்குது. விசிலைப் பிடிக்கவே ஏலாமல் இருக்கு. இந்த வேலை எனக்குச் சரிவராதோ?”

“பிள்ளை, எனக்குக் கை நடுங்காமல் இருந்திருந்தால் நான் இந்த வேலைக்கே வந்திருக்கமாட்டன்” என்றேன்.

பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. அவளுக்குச் சொல்லாமல் விட்ட மிச்சத்தை இப்போது எழுதுகிறேன். மற்றவர்களும் வாசியுங்கள். எப்படி விசில் ஊதுவது, எப்படி ஓட்டப்பாதைக்குக் கோடு போடுவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நெஞ்சு படபடக்கும்போது என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

விளையாட்டு ஆசிரியை ஆவதற்கு முன் நான் திருகோணமலைத் தொலைபேசி நிலையத்தில் வேலை செய்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி. அப்போது ஒருவரோடு ஒருவர் கதைக்க வேண்டுமென்றால் எங்களைக் கேட்டுத்தான் கதைக்க வேண்டும். ஆளுயரப் பலகை ஒன்றின் முன் உயரமான கதிரைகளில் இருப்போம். காதில் ஹெட்செட். யாராவது தொலைபேசியை எடுத்தால் பலகையில் அவருடைய இலக்கத்துக்கு நேரே சின்ன மூடி ஒன்று ‘டக்’ என்று விழும். “நம்பர் பிளீஸ்” என்று கேட்டு, வயரை எடுத்து உரிய துளையில் செருகி, இரண்டு பேரையும் இணைத்துவிட வேண்டும். துறைமுகம், அரசாங்க அதிபரின் கச்சேரி, பெரியாஸ்பத்திரி, கடைத்தெரு முதலாளிமார் எல்லாரும் என் விரல் நுனியில் இருந்தார்கள். எனக்கு அந்த வேலை நன்றாகப் பிடித்திருந்தது. குரலைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவேன். பக்கத்துக் கதிரையில் இருந்த பரமேஸ்வரி, “உனக்குக் காது இல்லையடி, ராடார்” என்பாள்.

ஒருநாள் பின்னேரம். அவசரம் ஒன்றுமில்லை. மூன்று நான்கு மூடிகள்தான் விழுந்து கிடந்தன. ஒரு வயரைக் கையில் எடுத்தேன். அந்தக் கணத்தில் நெஞ்சுக்குள் யாரோ கதவைப் போட்டு இடிப்பதுபோல் இருந்தது. மூச்சு பாதியில் நின்றது. விரல்கள் விறைத்துவிட்டன. செத்துப்போகிறேன் என்றே நினைத்தேன். சாகிற நேரத்தில் என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? மதியம் கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவவில்லை, அம்மா ஏசப்போகிறா என்பதுதான்.

பரமேஸ்வரி ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு என்னைத் தாங்கிப் பிடித்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், நாடி பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார்.

“உங்கட இருதயம் என்ர இருதயத்தைவிட நல்லாய் இருக்கு” என்றார். “நரம்புத் தளர்ச்சி. ரெண்டு நாள் ஓய்வெடுங்கோ.”

ஓய்வெடுத்தேன். திரும்பிப் போனேன். மறுபடியும் வந்தது. பிறகு கிழமைக்கு ஒருமுறை, பிறகு அடிக்கடி. பலகையைப் பார்த்தாலே வந்துவிடுமோ என்று பயம். அந்தப் பயத்தினாலேயே வந்துவிடும். குளியலறைக்குள் போய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பேன். வெளியே பரமேஸ்வரி தன் மூடிகளையும் என் மூடிகளையும் சேர்த்துச் சமாளிப்பாள். ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். அம்மா மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினா. லிங்கநகரில் எங்கள் பக்கத்து வீட்டு மாமி, தங்களுடைய கோயிலில் நூல் மந்திரித்துக்கொண்டு வந்து என் கையில் கட்டினா. அண்ணன், “கலியாணம் செய்து குடுங்கோ, சரியாப் போகும்” என்றான். அவனுக்கே அப்போது கலியாணம் ஆகவில்லை.

கடைசியில் ஒரு மத்தியானம், நடுங்கி வியர்த்துப்போய், எங்கள் மேற்பார்வையாளரின் அறைக்குள் போனேன். அவருடைய பெயரை எழுதமாட்டேன். தன்னைப் பற்றி யாராவது நல்லதாகச் சொன்னாலே அவருக்குக் கோபம் வரும். ‘மிஸ்’ என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். முப்பத்தைந்து வயதிருக்கும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை. சிரித்து நான் கண்டதில்லை.

“மிஸ், என்னால ஏலாது. நான் வேலையை விடுறன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இரும்” என்று கதிரையைக் காட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.

“இண்டைக்கு நான் அதைக் கேட்கமாட்டன்” என்றார். “நீர் இப்ப பயந்துபோய் நிக்கிறீர். பயந்துபோன ஆள் வாசலைத்தான் பாப்பார். அந்த வாசல் எங்க போகுது எண்டு பாக்கமாட்டார். உம்முடைய மூச்சு ஒழுங்காய் இருக்கிற ஒருநாள் வந்து சொல்லும். அண்டைக்கு நான் ஒரு கேள்வியும் கேளாமல் கையெழுத்துப் போடுறன்.”

எனக்கு அப்போது அவர்மீது வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. கல் நெஞ்சுக்காரி என்று பரமேஸ்வரியிடம் சொல்லி அழுதேன். ஆனால் அடுத்த நாளிலிருந்து என் கதிரையைப் பலகையின் ஓரத்துக்கு, யன்னலுக்குப் பக்கத்தில் மாற்றிப் போட்டிருந்தார். குளியலறைக்குப் போகிற வழியும் அந்தப் பக்கம்தான்.

இனி ஓட்டத்துக்கு வருகிறேன். நான் அதைத் தேடிப் போகவில்லை. ஒரு பஸ்ஸில்தான் அது எனக்குக் கிடைத்தது.

நிலாவெளியில் என் சின்னம்மா இருந்தா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவவிடம் போய் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பி வருகிறேன். திருவிழாக் கூட்டம்போல் சனம். என் முகத்துக்கு நேரே ஒருவருடைய கருவாட்டுப் பை. சாம்பல்தீவுப் பக்கம் வரும்போது நெஞ்சு இடிக்கத் தொடங்கிவிட்டது. “நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ!” என்று கத்தினேன். கண்டக்டர் மணியை அடித்தார். ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். பஸ் புறப்பட்டுப் போனது. அப்போதுதான் தெரிந்தது, என் கைப்பை பஸ்ஸின் இருக்கையில். வீட்டுக் கதவின் திறப்பு, செபமாலை, அண்ணன் எனக்கு வாங்கித் தந்த புது மடக்குக் குடை எல்லாம் அதற்குள்.

ஓடினேன்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஓடியதே இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு, அந்தத் தார் றோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினேன். பின் யன்னலில் இருந்த சனமெல்லாம் கையைக் காட்டிச் சத்தம் போட்டார்கள். சாரதி திரும்பிப் பார்க்கவில்லை. நல்லகாலம், முன்னால் ஒரு மாட்டு மந்தை றோட்டை மறித்துக்கொண்டு ஆறுதலாக அசைந்து போய்க்கொண்டிருந்தது. பஸ் நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது கண்டக்டர் பையுடன் கீழே இறங்கி நின்றார்.

“தங்கச்சி, நீங்கள் இப்பிடி ஓடுவீங்கள் எண்டால் ஏன் டிக்கட் எடுத்தனீங்கள்?” என்றார்.

பஸ் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தேன். அப்போதுதான் கவனித்தேன். நெஞ்சு முன்னையைவிடப் பலமாக இடித்துக்கொண்டிருந்தது. மூச்சு இரைத்தது. கை நடுங்கியது. சாகிறபோது எனக்கு என்னென்ன நடக்கும் என்று நினைத்துப் பயந்தேனோ அத்தனையும் நடந்துகொண்டிருந்தது. ஆனால் நான் சாகவில்லை. ஓடினதால் நெஞ்சு இடிக்கிறது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் நின்றேன். இடி குறைந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அடங்கியே போனது. யாரும் மருந்து தரவில்லை. தானாக ஏறியது, தானாக இறங்கியது.

“ஏறுங்கோ” என்றார் கண்டக்டர்.

“வேண்டாமண்ணை, நான் நடந்து வாறன்” என்றேன். உப்புவெளி வரை கொஞ்சம் ஓடியும் கொஞ்சம் நடந்தும் வந்தேன். நெஞ்சை வேண்டுமென்றே ஏற விடுவேன். இறங்கும்வரை நடப்பேன். மறுபடி ஏற விடுவேன். புது விளையாட்டுச் சாமான் கிடைத்த குழந்தை மாதிரி இருந்தது எனக்கு.

அடுத்த நாள் விடிய அண்ணனின் பழைய கன்வஸ் சப்பாத்துக்குள் துணியை அடைத்து, பாவாடை சட்டையோடு கடற்கரைக்குப் போய் ஓடினேன். அதற்கடுத்த நாளும் போனேன்.

இன்று உங்களில் பெண்பிள்ளைகள் காற்சட்டை போட்டுக்கொண்டு றோட்டில் ஓடுகிறீர்கள். நாய்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று அப்படியில்லை. வளர்ந்த பெண் ஒருத்தி காலையில் ஓடினால் எங்கேயோ சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். நான் எங்கள் தெருவின் ஒழுங்கைகளால் ஓடும்போது கதவுகள் திறக்கும். “ஐயோ பிள்ளை, ஆர்? ஆருக்கு?” என்று தலையில் கையை வைத்துக்கொண்டு பெண்கள் ஓடி வருவார்கள். “ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை மாமி, சும்மா ஓடுறன்!” என்பேன். சாவீடு இல்லை என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்று சிரித்துக்கொண்டே ஓடிப் பார்த்தேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. ‘அந்தத் தொலைபேசிப் பிள்ளைக்கு விசர் முத்திப்போச்சு’ என்ற கதை கடைத்தெரு வரை போய்விட்டது. என் காதில்தானே எல்லாக் கதையும் விழும்! இரண்டு வியாபாரிகள் என்னைப் பற்றிக் கதைப்பதை, அவர்களை இணைத்துவிட்ட நானே கேட்டேன்.

கடற்கரையில் கரைவலை இழுப்பவர்கள்தான் முதலில் பழகினார்கள். முதல்நாள், “என்ன பிள்ளை, ஆரும் கலைக்கினமோ?” என்று கேட்டு என் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். யாரும் துரத்தவில்லை என்று கண்டதும் மறுபடி வலையை இழுத்தார்கள். சில நாட்களில் நான் கடந்து போவதற்காக வலைக் கயிற்றை மணலோடு தாழ்த்திப் பிடிப்பார்கள். நான் அதைப் பாய்ந்து கடப்பேன். எல்லாரும் “ஓ!” என்று கூவுவார்கள். கோட்டையடியில் புல் மேயும் மான்கள் தலையைத் தூக்கிப் பார்க்கும். தாங்கள் ஓடுவதா, இவளை ஓட விடுவதா என்று யோசிப்பதுபோல் நிற்கும். சூரியன் கடலுக்குள்ளிருந்து வரும்போது நான் வியர்வையில் குளித்துப்போய் மணலில் மல்லாந்து கிடப்பேன். அந்த நேரத்தில் நினைப்பேன்: எனக்குப் பைத்தியமென்றால் இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஓடத் தொடங்கியதும் பயம் பறந்துபோனது என்று எழுதினால் அது பொய். பலகையின் முன் அது வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வந்தபோது, ‘ஓ, இது அந்தச் சாம்பல்தீவு றோட்டு இடி’ என்று அடையாளம் தெரிந்தது. வயரைக் கீழே வைக்காமல், மெதுவாக மூச்சை விட்டபடி காத்திருப்பேன். இறங்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு டாக்டர் நெஞ்சைச் சோதித்து ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் நான் ஓடினேன். உங்களிடம் நெஞ்சு இடிக்கிறது என்று வருகிற பிள்ளையை முதலில் டாக்டரிடம் அனுப்புங்கள். அதன் பிறகு மைதானத்துக்கு அனுப்பலாம்.

நான் ஓடத் தொடங்கி ஒரு மழைக்காலம் கழிந்திருக்கும். அதற்குள் கன்னியர் மடப் பாடசாலைப் பிள்ளைகள் சிலர் காலையில் என்னோடு ஓட வந்துவிட்டார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. ஒருத்தி வந்தாள், மறுநாள் அவளுடைய தங்கை வந்தாள், பிறகு ஒரு பட்டாளம். அவர்களுடைய விளையாட்டு ஆசிரியை இடமாற்றத்தில் போயிருந்தார். அதிபர் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, “பிள்ளையளின்ர இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மட்டும் கொஞ்சம் உதவி செய்யுங்கோ மகள்” என்றார். வேலையில்லாத நாட்களில் போனேன். போட்டி முடிந்த பிறகும் போனேன். அப்போது சிஸ்டர் கேட்டார், “நிரந்தரமாய் வாறீங்களா?” சம்பளம் குறைவு. பயிற்சிக் கல்லூரிக்குப் போய்வரும்வரை உறுதியான பதவியும் இல்லை. “யோசிச்சுச் சொல்லுறன் சிஸ்டர்” என்றேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியவில்லை. வேலையை விட ஆசையா, பலகைக்குப் பயந்து தப்பி ஓடப் பார்க்கிறேனா என்று எனக்கே விளங்கவில்லை.

அது விளங்கியது ஒரு தீயில்.

நண்பகல். நானும் பரமேஸ்வரியும் மட்டும் பலகையில். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். யன்னலால் பார்த்தேன், துறைமுகப் பக்கம் கறுப்பாகப் புகை எழும்புகிறது. அதே நேரம் துறைமுக அலுவலகத்தின் மூடி விழுந்தது. எடுத்தேன்.

“எண்ணெய் ஏத்தின பார்ஜ் படகு ஒண்டு பத்தி எரியுது! ஆக்கள் உள்ளுக்க இருக்கினம்! கடற்படையைத் தாங்கோ, கெதியாய்!”

கடற்படைத் தளத்துக்குச் செருகினேன். அதற்குள் பலகையில் மூடிகள் மழைபோல் விழத் தொடங்கின. டக், டக், டக். ஊரில் தொலைபேசி வைத்திருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி: “அது என்ன புகை?”

நெஞ்சு இடித்தது. நன்றாகவே இடித்தது. பரமேஸ்வரி என் முகத்தைப் பார்த்தாள்.

“வருதோ?” என்றாள்.

“வந்திட்டுது. வரட்டும். ஆஸ்பத்திரியை நீ பிடி, துறைமுகத்தை நான் பாக்கிறன். மற்ற ஒருத்தரையும் எடுக்காத.”

எடுக்காமல் விடுவது லேசான காரியமில்லை. விழுந்த மூடியை உடனே பார்க்க வேண்டும் என்பது எங்களுக்கு ஊறிப்போன பழக்கம். இன்றைக்கு யாரைக் காக்க வைப்பது என்று முடிவெடுப்பதுதான் வேலை என்று எனக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. துறைமுகத்துக்கு இரண்டு லைன்கள்தான். அதில் ஒன்றைப் புகை எழும்புவதற்கு முன்பே பிடித்திருந்த கடைத்தெரு முதலாளி ஒருவர், அங்கிருந்த தன் மருமகனிடம் இப்போது புகையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். இடையில் புகுந்து, “முதலாளி, வைச்சிடுங்கோ. அங்க சனம் நெருப்புக்குள்ள நிக்குது” என்றேன். “ஆர் நீ?” என்று கத்தினார். வயரைப் பிடுங்கிவிட்டேன். துறைமுகம் கொழும்பையும் கேட்டது; அந்த லைனில் இரண்டு சம்பந்திமார் கூறைச் சேலை அரக்கா, சிவப்பா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். “மன்னிக்கோணும் அம்மா, துறைமுகத்தில தீ. இந்த லைன் எனக்கு வேணும்” என்றேன். பெண் வீட்டு அம்மா சொன்னா, “எடு மகள், எடு. அரக்குத்தான், முடிஞ்சுது!”

கடற்படைப் படகுகள் பார்ஜை மற்றக் கப்பல்களிலிருந்து தள்ளி இழுத்துப்போய்த் தீயை அணைத்தன. உள்ளே இருந்தவர்கள் கடலில் குதித்துத் தப்பினார்கள். ஒருவருக்குக் கையில் தீக்காயம். அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு முன் அங்கே டாக்டர் வாசலில் காத்து நின்றார். அது பரமேஸ்வரியின் வேலை. எல்லாம் அடங்கியபோது நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு அவள் ஹெட்செட்டை மாட்டியபடியே கதிரையிலிருந்து இறங்கி ஆடினாள். அவள் வயரில் சிக்கிக்கொள்ள, நான் சிக்கெடுத்துவிட, கதவடியில் மிஸ் நின்றார். எங்களைப் பார்த்தார். போய் இரண்டு பேருக்கும் பால் விடாத பிளேன்ரீ அனுப்பிவைத்தார்.

சில நாட்களில் என்னைப் பதவி உயர்வுக்குச் சிபாரிசு செய்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அன்று காலை ஓடி, குளித்து, வடிவாகச் சேலை உடுத்திக்கொண்டு அவருடைய அறைக்குப் போனேன்.

“மிஸ், நான் வேலையை விடப்போறன்.”

அவர் எழுந்து வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நாடியை எண்ணினார். மெய்யாகவே எண்ணினார்.

“ஒழுங்காய்த்தான் இருக்கு” என்றார். “இப்ப உமக்கு இந்த வேலை ஏலும். தெரியுமோ?”

“ஓம் மிஸ். ஏலும் எண்டு தெரிஞ்ச பிறகுதான் விடலாம் எண்டு விளங்கினது. அண்டைக்குப் பயத்தில கேட்டனான். இண்டைக்கு அந்தப் பிள்ளையளோட ஓட ஆசையில கேக்கிறன்.”

அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். முன் பல் ஒன்று இல்லை. அதனால்தான் சிரிப்பதில்லையோ என்னவோ. சொன்னபடி ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

கேள்வியெல்லாம் வீட்டில் கேட்டார்கள். “அரசாங்க உத்தியோகத்தை விட்டுப்போட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையளோட கெந்தித் தொட்டு விளையாடப் போறியோ?” என்று கேட்டுவிட்டு அம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. அடுத்த இல்லப் போட்டிக்கு வந்து, முன் வரிசையில் இருந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் குரல் போட்டுத் தொண்டை கட்டி வீட்டுக்குப் போனா. அதன் பிறகு ஒரு போட்டியையும் தவறவிட்டதில்லை.

வேலையை மாற்ற நினைக்கிற உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். விடுவதும் விடாததும் உங்கள் இஷ்டம். ஆனால் நடுங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில் முடிவெடுக்காதீர்கள்.

இதை நானே இன்னொருத்திக்குச் சொல்ல வேண்டி வந்தது எழுபதுகளில். தவமணி கப்பல்துறை என்ற கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை. தகப்பனுக்குத் தோட்டம். பயிற்சியில் அவள் ஓடினால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கால் நிலத்தில் படுகிறதா என்று சந்தேகமாக இருக்கும். ஆனால் போட்டி என்று கோடு போட்டுவிட்டால் ஆளைக் காணமுடியாது. ஒருமுறை மலசலகூடத்துக்குள் பூட்டிக்கொண்டு இருந்தாள். ஒருமுறை வயிற்றுக்குத்து.

வட்டாரப் போட்டி. அவளுடைய எண்ணூறு மீட்டருக்கு முதல் அழைப்பு வந்துவிட்டது. ஆளில்லை. என்னோடு வந்திருந்த ஆசிரியை பதறினார்.

“நான் அப்பவே சொன்னனான், இந்தப் பிள்ளையை நம்பேலாது. வேற ஆளைப் போடுங்கோ. பாடசாலைக்கு மரியாதை போகப்போகுது.”

மைதானத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் தவமணியைக் கண்டுபிடித்தேன். சப்பாத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். உதடு வெளிறியிருந்தது.

“ரீச்சர், நான் வீட்ட போறன்.”

“போகலாம்” என்றேன். “பஸ் இருக்கு. நானே ஏத்திவிடுறன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏசுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள்.

“ஆனால் இப்ப வேண்டாம். கொஞ்சம் என்னோட நட. நடந்துபோட்டுச் சொல்லு, அப்பவும் போகோணும் எண்டால் போவம்.”

ஒலிபெருக்கியில் இரண்டாம் அழைப்பு. எனக்கு உள்ளுக்குள் நெருப்பு. நேரத்தைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மதிலோரமாக நடந்தோம். நடை கொஞ்சம் வேகமானது. சேலையைச் செருகிக்கொண்டு நான் ஓடத் தொடங்கினேன். அவளும் வெறுங்காலோடு கூட வந்தாள். மூலையில் திரும்பியபோது இரண்டு பேருக்கும் மூச்சிரைத்தது.

“ரீச்சர், நெஞ்சு அடிக்குது.”

“ஏன் அடிக்குது?”

யோசித்தாள். “ஓடினபடியால்.”

“எனக்கும் அதுதான். நீ என்ன செய்யப்போறாய்?”

அவள் சப்பாத்தைப் பார்த்தாள். மைதானத்தைப் பார்த்தாள். “ஓடுறன். ஆனால் வெல்லமாட்டன் ரீச்சர்.”

“ஆர் உன்னை வெல்லச் சொன்னது?”

கடைசி அழைப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். சப்பாத்துக்கு நாடா கட்ட நேரமில்லை. வெறுங்காலோடு நின்றாள். வெடி வெடித்தது. முதல் சுற்றில் எல்லாருக்கும் பின்னால், தோளை இறுக்கிக்கொண்டு ஓடினாள். இரண்டாம் சுற்றின் பாதியில் அவளுடைய தோள் இளகியதை நான் கண்டேன். கை வீச்சு மாறியது. ஒருத்தியைக் கடந்தாள், இன்னொருத்தியைக் கடந்தாள். தூரம் போதவில்லை. நான்காவதாக வந்து கோட்டைத் தாண்டினாள்.

தாண்டியவள் நிற்கவில்லை.

மற்றப் பிள்ளைகள் புல்லில் விழுந்து கிடக்கிறார்கள். தவமணி ஓடுகிறாள். வாயெல்லாம் சிரிப்பு. “முடிஞ்சுது, முடிஞ்சுது!” என்று நடுவர்கள் கையைக் காட்டுகிறார்கள். அவள் அவர்களுக்கும் கையைக் காட்டிவிட்டு ஓடுகிறாள். முதலில் மைதானம் சிரித்தது. வளைவில் அவள் இன்னும் வேகமெடுத்தபோது சிரிப்பு நின்று கைதட்டல் எழுந்தது. பிற பாடசாலைப் பிள்ளைகளும் எழும்பி நின்று தட்டினார்கள். என்னோடு வந்த ஆசிரியை என் தோளைப் பிடித்துக் குலுக்கி, “பாருங்கோ, பாருங்கோ அவளை!” என்று அழுதுகொண்டு சிரித்தார்.

தலைமை நடுவர் கடிகாரத்தோடு என்னிடம் வந்தார். நல்ல கோபம்.

“ரீச்சர், எத்தினை சுற்று எண்டு அந்தப் பிள்ளைக்கு நீங்கள் சொல்லிக் குடுக்கேல்லையோ?”

“சொல்லிக் குடுத்தனான் சேர். அவவுக்கு அது போதாதாம்.”